தும்முல்லைச் சந்தியில் நிற்கிற கார்

ஓடாத காருக்கு ஒரு வழி இருக்கிறது. தள்ளிக்கொண்டு போய்க் கராஜில் விடலாம். ஓடுகிற காருக்கும் வழி இருக்கிறது. ஏறி உட்கார்ந்து ஓட்ட வேண்டியதுதான். றோஸியின் கார் இந்த இரண்டு சாதியிலும் சேரவில்லை. கொட்டாஞ்சேனையிலிருந்து வெள்ளவத்தை வரைக்கும் பூனை மாதிரிப் போகும். அங்கே நாகேஸ்வரி அன்ரியை ஆஸ்பத்திரிக்கு ஏற்றிக்கொண்டு, பம்பலப்பிட்டியில் திரும்பித் தும்முல்லைச் சந்தியை நெருங்கும்போது செத்துப்போகும். இருமல் இல்லை, இழுப்பு இல்லை. நன்றாகக் கதைத்துக்கொண்டிருந்த ஆள் பாதிப் பேச்சில் வாயை மூடிக்கொண்ட மாதிரி. பின்னால் வருகிற பஸ்காரன் ஹோர்னை அழுத்திப் பிடித்து, தலையை வெளியே போட்டு, றோஸியின் அம்மா அப்பாவையெல்லாம் சிங்களத்தில் சுகம் விசாரித்துவிட்டுப் போவான்.

றோஸி அன்ரியைக் கைத்தாங்கலாக இறக்கி நடைபாதையில் நிற்பாட்டுவாள். பொனட்டைத் திறந்து வைத்து, உள்ளே எதைப் பார்ப்பது என்று தெரியாமல் எல்லாவற்றையும் பார்ப்பாள். கொஞ்ச நேரம் போகும். அன்ரியைத் திரும்ப ஏற்றிச் சாவியைத் திருப்பினால், ஒன்றுமே நடக்காதது போல என்ஜின் பிடித்துக்கொள்ளும்.

"இது கார் இல்லை பிள்ளை, எங்கட மனுசன் மாதிரி" என்று அன்ரி முதல்தடவை பகிடி விட்டாள். "நினைச்சா அசையும், நினைச்சா இருந்திடும்."

இரண்டாம் தடவை பகிடி இல்லை. மூன்றாம் தடவை பிந்திப் போனதால், ஆஸ்பத்திரியில் அன்ரியின் மெஷினை வேறொருவருக்குப் போட்டுவிட்டார்கள். அவளுக்குச் சிறுநீரகம் இரண்டும் போய்விட்டது. செவ்வாய், வியாழன், சனி என்று கிழமைக்கு மூன்று நாள் இரத்தத்தை வெளியே எடுத்துச் சுத்தம் பண்ணி உள்ளே விட வேண்டும். அன்றைக்கு மத்தியானம் வரைக்கும் வாங்கில் காத்திருந்து, பாதி நேரம்தான் மெஷினில் கிடந்தாள். அந்தக் கதை ரொறன்ரோவில் இருக்கிற மகன் ஜனாவுக்குப் போய்விட்டது.

"அவன் சொல்லிப்போட்டான் றோஸி" என்றாள் அன்ரி, அடுத்த நாள் போனில். அவள் வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். கதையைச் சுற்றி வளைக்கமாட்டாள். "இன்னொருக்கா றோட்டில நிண்டா, தான் அங்க இருந்தே போனிலை கார் ஒழுங்கு பண்ணுவானாம். எனக்கு அந்தப் பெடியளோடை போக விருப்பமில்லை. ஏறினா முகத்தைக்கூடப் பாக்கமாட்டாங்கள். ஆனா அவன் சொல்லுறதிலையும் பிழை இல்லைத்தானே?"

"பிழை இல்ல அன்ரி" என்றாள் றோஸி. போனை வைத்துவிட்டு அடுப்படியில் அரிசியைக் களைந்தாள். புருசன் பெனடிக்ட் டோஹாவில் கட்டட வேலை. அவன் அனுப்புவது வாடகைக்கும் பிள்ளைகளின் படிப்புக்கும் சரி. சோறும் கறியும் இந்த ஹயர் ஓட்டத்தில்தான் வேகிறது. இது போனால் திரும்பவும் தேயிலை ஸ்டோர். விடியப் போய்ப் பொழுதுபடும் வரைக்கும் தூளைப் பெட்டியில் கொட்டிக் கொட்டி, இராத்திரி மூக்கைச் சீறினால் பிளேன்ரீ நிறத்தில் வரும். அந்த இருமல் விட்டே இப்போதுதான் கொஞ்ச காலம்.

மஜீட் நானாவின் கராஜ் என்பது ஒரு தகரக் கூரையும் ஒரு ஈரப்பலா மரமும். மழை வந்தால் கூரைக்குக் கீழே வேலை, வெயில் வந்தால் மரத்துக்குக் கீழே வேலை. பழைய கார்களுக்கு அவரைவிட்டால் அந்தப் பக்கத்தில் ஆள் கிடையாது. றோஸியின் கார் அந்தக் காலத்து ஏழு ஸ்ரீ நம்பர் கொரோலா. பெனடிக்ட் ஓட்டின காலத்திலிருந்தே அவர் கைபட்ட கார்.

"சூடானா நிக்குது, ஆறினா ஓடுது. அப்ப இது நெருப்புப் பக்கம்தான் தங்கச்சி" என்றார் நானா. "பெற்றோல் பக்கமா ஈந்தா இழுத்து இழுத்து நிக்கும். இது டக்கெண்டு நிக்குது தானே?"

"டக்கெண்டு."

"சரி. நெருப்பு வருதா எண்டு பாப்பம்."

பிளக் ஒன்றின் மேல் இருந்த தடித்த வயரைக் கழற்றி, அதில் வேறொரு பழைய பிளக்கைச் செருகி, என்ஜின் இரும்பில் படும்படி வைத்தார். றோஸியிடம் சாவியைத் திருப்பச் சொன்னார். என்ஜின் சுற்றியது. வெயில் வெளிச்சத்தில் நானாவுக்கு ஒன்றும் தெரியவில்லை. கண்ணும் முந்தி மாதிரி இல்லை. கார்களை மூடுகிற பழைய படுக்கை விரிப்பை எடுத்துப் பொனட்டோடு சேர்த்துத் தலையில் போட்டுக்கொண்டார்.

"நானா, நானும் பாக்கட்டா?"

"வாங்க. கைய மட்டும் வைச்சிராதீங்க, ஆள எறிஞ்சி போடும்."

உதவிக்கு இருந்த ஆளிடம் சாவியைக் கொடுத்துவிட்டு விரிப்புக்குள் புகுந்தாள். உள்ளே ஒயில் மணமும் நானாவின் வெற்றிலை மணமும். இருட்டு. என்ஜின் சுற்றத் தொடங்கியதும் அந்தச் சின்ன இடைவெளியில் 'டிக், டிக், டிக்' என்று ஒரு வெளிச்சம் குதித்தது. மெழுகுதிரி வெளிச்சம் மாதிரி இல்லை. நீலம். அவ்வளவு சின்னது. ஒரு அரிசியைவிடச் சின்னது. இதுவா என்னையும் அன்ரியையும் இந்த இரும்பையும் வெள்ளவத்தைக்கும் பொரளைக்கும் இழுத்துக்கொண்டு போகிறது என்று றோஸிக்கு ஆச்சரியமாய் இருந்தது. எவ்வளவு காலம் ஓட்டியிருக்கிறாள், ஒரு நாளும் அதன் முகத்தைப் பார்த்ததில்லை.

வெளியிலிருந்து ஒரு குரல் வந்தது. "அடியே றோஸி! பட்டப்பகல்ல போர்வைக்குள்ள ரெண்டு பேரும் என்னாடி பண்றீங்க? டோஹாவுக்குப் போன் போடவா?"

ஆறாயி அக்காதான். மாநகரசபையில் றோட்டுக் கூட்டுகிறவள், றோஸி இருக்கிற தோட்டக் குடியிருப்பில் பக்கத்து வீடு. வேலை முடிந்து தும்புத்தடியும் கையுமாய் நின்றாள்.

"நெருப்புப் பாக்கிறம் அக்கா!"

"பாருங்க பாருங்க. பத்திக்கிறப் போவுது."

"அல்லாவே, இந்த மனிசிட வாய்" என்று நானா விரிப்பை இழுத்து எறிந்தார். "நெருப்பு நீலமாத்தான் ஈக்கிது. கொஞ்சம் மெலிவு. பிளக்க மாத்துவம். பொயின்ட்டயும் கொண்டென்சரயும் மாத்துவம்."

டெல்கோவின் மூடியைக் கழற்றிக் காட்டினார். உள்ளே ஒரு கை சுற்றிச் சுற்றி நான்கு பிளக்குக்கும் நெருப்பைப் பங்கு போடுகிறது. அதற்குக் கீழே குட்டியாக இரண்டு இரும்பு உதடுகள், தொட்டுத் தொட்டு விலகும். அதுதான் பொயின்ட். ஒவ்வொரு விலகலுக்கும் ஒரு நெருப்பு. பழைய பொயின்ட்டின் உதடுகள் கறுத்துக் குழி விழுந்திருந்தன. புதிதைப் பூட்டி, சிகரட் பெட்டியின் மட்டையில் ஒரு துண்டு கிழித்து இடையில் வைத்து இடைவெளி பிடித்தார். அளக்கிற தகடு பெட்டிக்குள் இருந்தது. ஆனால் நானாவுக்கு மட்டையில்தான் நம்பிக்கை.

செவ்வாய்க்கிழமை தும்முல்லையில் கார் நின்றது.

அன்றைக்கு நல்ல காலம், மெஷின் கிடைத்தது. ஜனாவுக்குச் சொல்லவில்லை என்றாள் அன்ரி. சொல்லவில்லை என்று சொன்னபோது அவள் றோஸியின் முகத்தைப் பார்க்கவில்லை.

"அப்ப நெருப்பு உண்டாக்கிற கொயில்தான்" என்றார் நானா. "சூடேறினா உள்ளுக்கு வயர் விலகும், ஆறினா சேரும். நான் முதலே நெனச்ச."

"முதலே நினைச்சா முதலே சொல்லியிருக்கலாமே நானா."

"எல்லாத்தையும் ஒரே நாள்ள செஞ்சா எப்புடி தங்கச்சி, வருத்தம் எது எண்டு தெரியணுமே."

றோஸி பஞ்சிகாவத்தைக்குப் பஸ்ஸில் போனாள். மழை தூறியது. கடைவாசல்களில் கழற்றிய என்ஜின்கள், லைட்டுகள், கதவுகள். செத்த கார்களெல்லாம் துண்டு துண்டாய்த் தொங்கிக்கொண்டிருந்தன. பழைய கொயிலைப் பையிலிருந்து எடுத்துக் காட்டி, "அய்யே, மேவகே எக்கக் தியெனவாத?" என்று இதே மாதிரி ஒன்று கேட்டாள். கடைக்காரன் அதை வாங்கி உருட்டிப் பார்த்துவிட்டு, "மேக்க ஹொந்தாய் நே அக்கே" என்றான். இது நல்லாத்தானே இருக்கிறது என்று. அவன் ஒரு மீற்றரை வைத்து அளந்தும் காட்டினான், முள் ஒழுங்காய் ஏறியது. றோஸி யோசித்தாள். ஆனால் மாற்றாமல் போய் மறுபடி நின்றால் யார் பதில் சொல்வது? புதிதை வாங்கிக்கொண்டு வந்தாள்.

நானா பூட்டினார். அதற்கு மேல் ஈரத் துணி சுற்றி வை, சூடேறாது என்றார். அதையும் செய்தாள். அவர் களனிப் பாலம் வரைக்கும் ஓட்டிப்போய் வந்தார். கார் ஒரு இடத்திலும் நிற்கவில்லை.

"எனக்கு முன்னால நல்ல புள்ள மாதிரி ஓடுது" என்று தலையைச் சொறிந்தார்.

அந்தச் சொல் றோஸியின் காதில் தங்கிவிட்டது. உண்மைதான். நானாவோடு நிற்கவில்லை. தனியாகப் போனாலும் நிற்கவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வரும்போதும் ஒரு நாளும் நின்றதில்லை. அன்ரியை ஏற்றிக்கொண்டு போகும்போது மட்டும். பாரமா? அன்ரி பாரம் இல்லை, வெறும் எலும்பு. இடமா? பெனடிக்டிடம் போனில் கேட்டாள்: "நீங்க இந்தக் கார்ல ஏதும் வயர் கியர் மாத்தினீங்களா?" அவன் கேள்வி முடியும் முன்பே, "நான் ஒண்டும் தொடல்ல, நானாட்டயே கேள்" என்றான்.

"அந்தச் சந்தியில ஒரு அரசமரம் இருக்கில்ல?" என்றாள் ஆறாயி. "அதுல என்னமோ இருக்கு. தேசிக்கா வெட்டிப் போடுடி."

"அக்கா, நீங்க சும்மாதானே இருக்கீங்க? முன் சீட்டில ஏறுங்க. அன்ரி இருக்கிற மாதிரி இருங்க. ஒரு ரவுண்ட் போய்ப் பாப்பம்."

ஆறாயி சேலை மாற்றிப் பூவும் வைத்துக்கொண்டு வந்தாள். தான் கூட்டுகிற றோட்டில் கார் முன்சீட்டில் போவது அவளுக்குப் பெரிய காரியம். செருப்பைக் கழற்றிவிட்டுக் காலிரண்டையும் தூக்கி மடித்துச் சீட்டில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். வழியில் கண்ட ஆளுக்கெல்லாம் கை காட்டினாள். வெள்ளவத்தை போய், தும்முல்லை தாண்டி, பொரளை வரைக்கும் போய்த் திரும்பினார்கள். கார் நிற்கவில்லை.

"பாத்தியா, நான் ராசிக்காரி" என்றாள் ஆறாயி.

வியாழக்கிழமை முறையை ஆஸ்பத்திரியிலேயே ரத்துச் செய்துவிட்டார்கள். அதனால் சனிக்கிழமைதான் அடுத்த ஓட்டம். வெள்ளி பின்னேரம் றோஸி கராஜுக்குப் போனாள். நானா ஒரு சின்ன பல்ப்பில் இரண்டு வயர் பூட்டிய சாமானை அவள் கையில் கொடுத்தார்.

"இங்க வைச்சிப் பாத்து வேலையில்ல. வருத்தம் வாற நேரத்திலதான் டொக்டர் பாக்கணும். கார் நிண்டா சாவிய ஓஃப் பண்ணாதீங்க. ஆளயும் எறக்காதீங்க, எல்லாம் ஈந்த மாதிரியே ஈக்கட்டும். இந்த வயர் என்ஜின் இரும்பில. இது கொயில்ட இந்த ஆணியில. பல்ப் எரிஞ்சா கொயில் வரைக்கும் கரன்ட் வருது, கோளாறு அதுக்கு அங்கால. எரியாட்டி..."

"எரியாட்டி?"

நானா வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தார். "எரியாட்டி நான் மாத்தினது எல்லாம் சும்மா மாத்தின."

சனிக்கிழமை காலையில் கடல் காற்று பலமாய் இருந்தது. அன்ரி வாசலிலேயே காத்துக்கொண்டு நின்றாள். ஊசி போடுகிற கையைச் சால்வையால் மூடியிருந்தாள். கால்கள் வீங்கிச் செருப்புக்குள் அடங்கவில்லை. மெஷினுக்குப் போகிற நாளில் அப்படித்தான், உடம்பில் சேர்ந்த தண்ணீரெல்லாம் காலுக்கு வந்துவிடும். திரும்பும்போது கால் வற்றிவிடும், ஆளும் சோர்ந்து சீட்டைச் சாய்த்து நித்திரையாகிவிடுவாள்.

"றோஸி, நான் ஒரு கதை சொல்லுறன், கோவிக்காதை" என்றாள், பம்பலப்பிட்டி லைட்டில் நின்றபோது. "எனக்கு விளங்குது. நீ தனிய ஓட்டினா நிக்கேல்லை. நீ சொன்ன அந்த மனுசி ஏறியும் நிக்கேல்லை. நான் ஏறினாத்தான் நிக்குது. அப்ப அது கார்ல இல்லை. என்ர பலன்."

"விசர்க்கதை கதைக்காதீங்க அன்ரி."

"இல்லை, எனக்குத் தெரியும். நான் போற இடமெல்லாம் ஏதோ ஒண்டு நிண்டுபோகும். மனுசன் போனார். கிட்னி போச்சு. உன்ர காரையும் நான் ஏன் பழுதாக்குவான்? இண்டைக்கு நிண்டா, ஜனா சொன்னபடி விடுவம்."

றோஸி கியரில் கை வைத்தாள். லைட் மாறியது. பச்சையில் எடுத்து, நேர் றோட்டில் ஏறி, மூன்றாம் கியர் போட்டாள். மரங்கள் தெரிந்தன, சந்தி தெரிந்தது.

கார் செத்தது.

உருட்டிக்கொண்டே ஓரமாய் ஒதுக்கினாள். பின்னால் ஹோர்ன்கள் கிளம்பின. அன்ரி பழக்கத்தில் கதவுப் பிடியில் கை வைத்தாள்.

"இறங்காதீங்க! ஒண்டையும் அசைக்காதீங்க. அப்பிடியே இருங்க."

சாவியை அப்படியே விட்டுவிட்டு ஓடிப்போய்ப் பொனட்டைத் தூக்கினாள். கொயிலுக்குச் சுற்றிய ஈரத் துணி ஈரமாகவே இருந்தது. தொட்டுப் பார்த்தாள், சூடே இல்லை. ஒரு வயரை இரும்பில் கவ்வவிட்டு மற்றதை ஆணியில் வைத்தாள். பல்ப் எரியவில்லை. ஆணியைச் சுரண்டிவிட்டு வைத்தாள். இல்லை. அப்படியென்றால் பிளக், பொயின்ட், கொண்டென்சர், கொயில் எல்லாம் குற்றமற்றவை. கரன்ட் அதுவரைக்கும் வந்தே சேரவில்லை. வழியில் எங்கேயோ யாரோ பிடித்து வைத்திருக்கிறார்கள்.

அந்த நேரத்தில் பல்ப் எரிந்தது.

றோஸி கையை அசைக்கவில்லை. வயர் இருந்த இடத்திலேயேதான் இருந்தது. பொனட்டுக்குப் பக்கத்தால் எட்டிப் பார்த்தாள். "அன்ரி! இப்ப என்ன செய்தீங்க?"

"நான் ஒண்டும் செய்யேல்லையே!"

"செய்தீங்க! ஏதோ செய்தீங்க!"

"ஐயோ பிள்ளை, கால் கொதிக்குது, கொஞ்சம் முன்னால நீட்டினனான். அதுவும் பிழையே?"

"முந்தி எங்க வைச்சிருந்தீங்க?"

"உள்ளுக்கு. சீட்டுக்குக் கீழ இழுத்து வைச்சிருந்தன். கனநேரம் தொங்கப்போட்டா வலிக்கும், இந்தச் சந்தி கிட்டவாத்தான் உள்ளுக்கு இழுப்பன்."

"திரும்ப அங்க வைங்க."

பல்ப் அணைந்தது.

"எடுங்க!"

எரிந்தது.

"வைங்க!"

அணைந்தது. றோஸி றோட்டில் நிற்கிறோம் என்பதையே மறந்துபோனாள். "அன்ரி, இன்னொருக்கா!" அன்ரியும் இப்போது ஜன்னலால் தலையை நீட்டிக்கொண்டு, "எரியுதோ? இப்ப? இப்பவோ?" என்று பிள்ளையைப் போலக் கேட்டாள். பஸ் ஒன்றில் தொங்கிக்கொண்டு வந்தவர்கள், பொனட்டுக்குள் ஒருத்தியும் ஜன்னலில் ஒரு கிழவியும் நின்று சத்தம் போட்டுச் சிரிப்பதைப் பார்த்துக்கொண்டே போனார்கள்.

சீட்டுக்குக் கீழே கையை விட்டாள். விரிப்பைக் கிளப்ப, பின்னால் ஒரு கறுப்பு ஒட்டுரேப் சுற்றிய சாமான் அகப்பட்டது. சின்ன ஸ்விட்ச். ரேப் விட்டுப்போய், ஒரு வயர் கழன்றும் கழலாமலும் தொங்கியது. குதிக்கால் பட்டால் விலகும், எடுத்தால் சேரும். இரண்டு வயரையும் ஸ்விட்ச்சிலிருந்து பிடுங்கி, ஒன்றோடொன்று முறுக்கி, அதே ரேப்பால் இறுக்கிச் சுற்றினாள். ஸ்விட்ச்சைப் படம் எடுத்து டோஹாவுக்கு அனுப்பிவிட்டுக் காரை எடுத்தாள்.

அவள் அடுத்த கியர் போடுவதற்குள் பெனடிக்டின் அழைப்பு வந்துவிட்டது. அன்ரி போனை ஸ்பீக்கரில் போட்டுப் பிடித்தாள்.

"அது... பெற்றோல் தட்டுப்பாடு வந்த கியூ காலத்தில போட்டது" என்றான்.

"ஆருக்கு ஒளிச்சி?"

"உண்ட அண்ணன் கிங்ஸ்லிக்குத்தான். கார எடுத்துக்கொண்டு போய் வரிசையில நிண்டு பெற்றோல் அடிச்சிக்கொண்டு வந்து, பாதிய உறிஞ்சி வித்தான் தானே. அத ஓஃப் பண்ணி வைச்சா ஸ்டார்ட் வராது. கார் பழுது எண்டு அவன் போயிருவான்."

றோஸிக்கு ஞாபகம் வந்தது. "அந்தக் கிழமை கார் ஸ்டார்ட் வரல்லயெண்டு நான் கோயில்ல முழங்கால்ல நிண்டேன்!"

"அடுத்த நாள் சரியாயிட்டுத் தானே?"

"அண்ணனுக்கு ஒளிச்சது சரி. எனக்கேன் ஒளிச்சீங்க?"

"உனக்குத் தெரிஞ்சா அவன் கேட்ட உடனே போட்டுக் குடுத்திருப்ப."

அது உண்மையாய் இருந்ததுதான் றோஸிக்கு ஆத்திரம். "இந்தக் கிழமை கேட்டனே, அப்பவாவது சொல்லியிருக்கலாம்."

"மறந்திட்டன்." பிறகு தானாகவே, "மறக்கல்ல. சொல்ல வெக்கமா இருந்திச்சி" என்றான்.

"வீட்டுக்கு வாங்க ஒருக்கா. அப்ப இருக்கு."

அன்ரி வாயைச் சால்வையால் மூடிக்கொண்டு குலுங்கினாள். போனை வைத்ததும் வைக்காததுமாக அவளுடைய கைப்பைக்குள் இன்னொரு போன் அடித்தது. ஜனா. மெஷினுக்குப் போகிற நாளில் அந்த நேரம் தவறாமல் எடுப்பான். அன்ரி அதையும் ஸ்பீக்கரிலேயே போட்டாள். றோஸி றோட்டைப் பார்த்தாள். பொரளைச் சந்தி வந்துகொண்டிருந்தது.

"அம்மா, போய்ச் சேர்ந்திட்டீங்களே? கார் நிண்டதோ?"

பொய் சொல்லுங்கள் என்று கேட்க றோஸிக்கு மனம் வரவில்லை. கேட்டாலும் அன்ரி சொல்ல மாட்டாள்.

"ஓம்" என்றாள் அன்ரி. "நிண்டது."

"சரி, இனிக் கதை இல்லை. இண்டைக்கே நான்..."

"பொறு தம்பி. முழுசாக் கேள். கார் நிக்கேல்லை, நான்தான் நிப்பாட்டினனான்."

"என்னம்மா?"

"இவ்வளவு நாளும் நான்தான் நிப்பாட்டினனான். காலாலை."

"அம்மா, உங்களுக்குச் சுகமில்லையோ? பக்கத்தில ஆரும் இருக்கினமோ?"

"றோஸி இருக்கிறா. எனக்கு நல்ல சுகம். இனி வேற கார் பாக்கிற வேலை வேண்டாம். வை, நான் உள்ளுக்குப் போகவேணும்."

போனைப் பைக்குள் போட்டுவிட்டு அன்ரி நிமிர்ந்து உட்கார்ந்தாள். வீங்கிய காலிரண்டையும் மெல்ல இழுத்து, சீட்டுக்கு அடியில், எவ்வளவு உள்ளே போகுமோ அவ்வளவு உள்ளே வைத்தாள். இரண்டு பேரும் என்ஜின் சத்தத்துக்குக் காது கொடுத்தார்கள். அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.